ஹார்ன்ஷா தொகுதிக்காரி

சூடாமணி இங்கிலாந்திலிருந்து வந்து தம்பி வீட்டில் இறங்கிய மறுநாள் காலை ஏழு மணிக்கு, பழங்காநத்தத்தில் அந்த வீட்டு கேட்டுக்கு முன்னால் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சலவை வேட்டி, கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பால் பாக்கெட் எடுக்க வந்த சௌரிராஜன், "யாருங்க, என்ன வேணும்?" என்றார்.

"பேரு தங்கப்பாண்டி சார். வாடிப்பட்டிப் பக்கம். வெளிநாட்டு எம்.பி. அம்மா இங்க தங்கியிருக்காகன்னு சொன்னாக. அஞ்சு நிமிசம் பாத்துட்டுப் போயிருவேன்."

"அக்கா நேத்துத்தான் வந்தாங்க. இன்னும் அலுப்புத் தீரல. ஞாயித்துக்கெழம பாராட்டு விழா இருக்கு. மண்டபத்துக்கு வாங்க, பாக்கலாம்."

"மண்டபத்துக்குள்ள என்னய விடமாட்டாக சார்."

சௌரிராஜன் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். இப்படிப் பதில் சொல்கிறவர்களைக் கண்டால் அவருக்குக் கொஞ்சம் பயம். மேற்கொண்டு கேட்காமல் கதவைச் சாத்தப் போனார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏன் விடமாட்டாங்கன்னு கேளுடா."

சூடாமணிக்கு எழுபத்திரண்டு வயது. நரைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்து இருபத்திரண்டு வயதில் விமானம் ஏறியவர். வடக்கு இங்கிலாந்தில் ஹார்ன்ஷா என்ற மில் ஊரின் ஆஸ்பத்திரியில் வேலை. அங்கேயே ஃப்ராங்க் என்ற பஸ் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்காக அப்பா அவரைத் தலைமுழுகினார். அப்பா இறக்கும்வரை, பதினோரு வருடம், இந்த வீட்டிலிருந்து ஒரு கடிதத்துக்கும் பதில் போகவில்லை. அந்த வருடங்களில்தான் ஹார்ன்ஷா ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டை மூடப் பார்த்தார்கள். சூடாமணி பதினேழு நாள் ஆஸ்பத்திரி வாசலில் மழையில் நின்றார். வார்டு மூடப்படவில்லை. ஊர்க்காரர்கள் அவரை நகரசபைக்கு அனுப்பினார்கள், பதினான்கு வருடம் கழித்து நாடாளுமன்றத்துக்கு. இருபத்து மூன்று வருடமாக அந்தத் தொகுதி அவரை மாற்றவில்லை. ஒரு போருக்கு ஆதரவாகக் கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கவில்லை. அதனால் துணை மந்திரி பதவி கைக்கு வந்து நழுவியது. ஃப்ராங்க் போய் எட்டு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை.

தங்கப்பாண்டியை உள்ளே கூப்பிட்டுச் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார வைத்தார் சூடாமணி. கைப்பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார்.

"இப்பச் சொல்லுங்க. மொதல்லருந்து."

தங்கப்பாண்டியின் மகள் முனீஸ்வரி இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கப் போனவள். ஏற்பாடு செய்தது மதுரையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ராஜகுருவின் அலுவலகம். ஒரு நாள் அதிகாலை வேலைக்குப் போனவள், வயதான ஒருவர் குளியலறைத் தரையில் விழுந்து கிடப்பதைப் பார்த்தாள். விழுந்து நாலு மணி நேரமாகியிருந்தது. ராத்திரியில் இருபது பேருக்கு ஒரே ஆளைப் போட்டிருந்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. ராத்திரி ஆள் மணிக்கொரு முறை போய்ப் பார்த்ததாக ரிஜிஸ்டரில் எழுதிச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார் மேலாளர். அவள் போடவில்லை. நடந்ததை அப்படியே எழுதி, முதியோர் இல்லங்களைக் கண்காணிக்கும் ஆய்வுத் துறைக்கு அனுப்பினாள். அந்த வாரமே வேலை போயிற்று. வேலை போனதும் விசாவும் போகிறது. அறுபது நாளுக்குள் விசா கொடுக்கும் வேறு இடத்தில் வேலை தேட வேண்டும், இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும்.

"வேற எடம் தேடுனா ஒரிஜினல் சர்டிபிகேட்டுக் கேக்குறாகளாம். அதெல்லாம் ராஜகுரு ஆபீசுல இருக்கு. போய்க் கேட்டா, ஒம் மகளைப் புகாரை வாபஸ் வாங்கச் சொல்லு, அப்புறம் தாரேங்கிறாரு. அதான் அந்த மண்டபத்துல என்னய விடமாட்டாக. விழா நடத்துறதே அவருதான்."

சௌரிராஜன் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார். ராஜகுரு அவர்களுடைய சமூகச் சங்கத்தின் செயலாளர்.

"எந்த ஊர்ல வேலை பாத்துச்சு?" என்று கேட்டார் சூடாமணி.

"ஒங்க ஊருதாம்மா. ஹார்ன்ஷா. எங்க ஊரு எம்.பி. மதுரைக்கு வந்திருக்காகளாம், போய்ப் பாருங்கப்பான்னு எம் மகதான் போன் போட்டுச் சொல்லுச்சு."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "அப்பறம் ஏன் அது எங்கிட்ட வரல? என் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்லயே இருக்கே."

தங்கப்பாண்டி தயங்கினார். பிறகு ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ரெண்டு தடவ நேர்ல வந்து லெட்டர் குடுத்துச்சும்மா. இதத்தான் அனுப்பியிருந்தாக."

சூடாமணி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தலைப்பில் அவருடைய பெயர், அடியில் அவருடைய கையெழுத்து. உங்கள் கடிதம் கிடைத்தது, உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறேன், உரிய துறைக்கு அனுப்பியிருக்கிறேன். வாரத்துக்கு இருநூறு பேருக்குப் போகிற கடிதம். கையெழுத்தைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"இதை நான் பாக்கவே இல்ல" என்றவர், உடனே, "அது சாக்கு. எம் பேருல போயிருக்கு. நான்தான் அனுப்புனேன்" என்றார். "இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"முப்பத்தெட்டு."

"இந்தத் தாளு எங்கிட்ட இருக்கட்டும். ஞாயித்துக்கெழம விழாவுக்கு வாங்க."

"உள்ள..."

"வாங்க" என்றார் சூடாமணி.

அன்று சாயங்காலமே ராஜகுரு வந்துவிட்டார். ஐம்பது வயது, பளபளவென்ற சட்டை, கையில் பழக்கூடை. அதை மேஜைமேல் வைத்துவிட்டு, சங்கத்தில் இதுவரை இப்படி ஒரு விழா நடந்ததில்லை, வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களையெல்லாம் கூப்பிட்டிருக்கிறேன், மண்டபம் நிறையும் என்றெல்லாம் சொன்னார். கடைசியாக, "காலைல ஒரு ஆளு வந்து ஒங்களத் தொந்தரவு பண்ணுனாராமே மேடம்" என்றார்.

"தொந்தரவு ஒண்ணுமில்ல. முனீஸ்வரியோட சர்டிபிகேட் ஒங்ககிட்ட இருக்கா?"

"அது ஆபீஸ் நடைமுறை மேடம். பாதுகாப்புக்கு வச்சிருக்கோம்."

"யாரோட பாதுகாப்புக்கு?"

ராஜகுரு சிரித்தார். "அந்தப் பொண்ணு கொஞ்சம் வாய்த்துடுக்கு. வேலை பாக்குற எடத்துல அனுசரிச்சுப் போகத் தெரியல. நல்ல நாளும் அதுவுமா இந்தப் பேச்சு எதுக்கு? அண்ணே, நீங்க சொல்லுங்க" என்று சௌரிராஜன் பக்கம் திரும்பினார். சௌரிராஜன் பழக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்றரைக்கு, ஹார்ன்ஷாவில் காலை பத்து மணி, சூடாமணியின் செல்போன் அடித்தது. பேசியவர் அவருடைய கட்சியின் கொறடா. யார் எப்போது எந்தப் பக்கம் ஓட்டுப் போட வேண்டும் என்று உறுப்பினர்களைக் கட்டி மேய்க்கிறவர். சூடாமணியைவிட முப்பது வயது இளையவர். விசாரிப்புகளெல்லாம் முடிந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"அந்த முதியோர் இல்ல விவகாரத்தை நீங்கள் எடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன்."

"நேத்து சாயங்காலம் மதுரையில ஒருத்தர்கிட்டக் கேட்டேன். இன்னைக்கு லண்டனுக்கு எட்டியிருச்சு. வேகம்தான்." அவர் இதை ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் தம்பிக்கு அந்தத் தொனி நன்றாகத் தெரியும். அம்மா கடைக்காரனிடம் பேசும் தொனி.

"அந்த இல்லத்தின் உரிமையாளர் நம் கட்சிக்கு எவ்வளவு வேண்டியவர் என்று உங்களுக்குத் தெரியும். தேர்தல் வரப்போகிறது. வெளிநாட்டுத் தொழிலாளர் பற்றி இப்போது யாரும் வாய் திறக்க வேண்டாம் என்பது தலைமையின் முடிவு. அமைச்சருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள், போதும்."

"கடிதம் ஏற்கெனவே போயிருக்கிறது. அதன் லட்சணத்தைப் பார்த்தேன்."

கொறடா குரலைத் தாழ்த்தினார். "சூடா, முப்பத்தேழு வருடப் பொதுவாழ்வு. இந்த முறை நீங்களாக ஒதுங்கிக்கொண்டால் பிரபுக்கள் சபையில் உங்களுக்கு ஓர் இடம் உண்டு. தலைவரே சொல்லச் சொன்னார். ஆயுளுக்கும் இருக்கும். தேர்தல் கிடையாது, அலைச்சல் கிடையாது."

"ஒதுங்காவிட்டால்?"

"கட்சி வேறு வேட்பாளரைப் பார்க்கும்."

"பார்க்கட்டும்" என்றார் சூடாமணி. "அந்தப் பெண் என் தொகுதியில் குடியிருக்கிறாள். தரையில் கிடந்த கிழவரும் என் தொகுதிதான். நான் ஒதுங்கினால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள், நீங்களா?"

போனை மேஜைமேல் வைத்தார். தம்பி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு இருவரும் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டார்கள். சூடாமணிக்கு அதில் பாதி வார்த்தை மறந்துபோயிருந்தது. நடுநடுவே தமிழ் வந்தது.

"ஞாயித்துக்கெழம மேடைல எதுவும் பேசப்போறியாக்கா?"

"பேசுவேன்."

"நீ புதன்கிழமை பிளேன் ஏறிருவ. நான் இங்கதான் இருக்கணும். நல்லது கெட்டதுன்னா அந்தச் சங்கத்துக்காரங்கதான் வந்து நிக்கணும். அதக் கொஞ்சம் யோசிச்சுக்கோ."

"யோசிச்சேன். ஒனக்குக் கஷ்டம்தான். ஆனா என்னால வாய மூடிக்கிட்டு அந்தப் பொன்னாடையப் போத்திக்க முடியாது. நீ விழாவுக்கு வராம இரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு."

சௌரிராஜன் சுவரோரப் பீரோவைப் பார்த்தார். அப்பா இருந்தபோது அக்காவின் கடிதங்களை வாசலில் வாங்கி, பிரிக்காமல் பீரோவில் வைத்தது அவர்தான். ஒன்றுக்காவது தானாகப் பதில் போட்டிருக்கலாம். வேலைக்குப் போய்விட்ட வயதுதான். அப்பாவுக்குப் பயந்தார், சொந்தக்காரர்களுக்குப் பயந்தார். அக்கா அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குப் பல முறை தோன்றியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை சூடாமணி எழுந்தபோது தம்பி வீட்டில் இல்லை. கார் இல்லை. போன் எடுக்கவில்லை. ராஜகுரு அனுப்பிய காரில் தனியாகத்தான் மண்டபத்துக்குப் போனார். நானூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்புரை நடந்தது. இரண்டு பேர் அவரை மதுரையின் பெருமை என்றார்கள். சூடாமணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்காக மட்டுமல்ல. தங்கப்பாண்டியும் வந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் என்ன நடந்தது என்பதைப் பின்னால் தங்கப்பாண்டிதான் ஊரெல்லாம் சொன்னார். அன்று விடிந்ததும் அவர் வீட்டு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. சௌரிராஜன் இறங்கினார். விசாரித்து விசாரித்து வந்திருந்தார். "வாங்க, கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றார். மண்டப வாசலில் ராஜகுருவின் ஆட்கள் இரண்டு பேர் கையை நீட்டித் தடுத்தார்கள்.

"சார், நீங்க போங்க. இவர விடக் கூடாதுன்னு செயலாளர் சொல்லியிருக்காரு."

"இவரு எங்க அக்காவோட தொகுதி ஆளு" என்றார் சௌரிராஜன். "இவரு வெளிய நின்னா நானும் வெளியதான் நிப்பேன். விழா நாயகியோட தம்பி ஏன் வெளிய நிக்கிறாருன்னு வாரவங்க எல்லாரும் கேப்பாங்க. நீங்களே பதில் சொல்லுங்க."

சொல்லிவிட்டுத் தங்கப்பாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். நடுப்பாதையில் நேராக மேடை வரைக்கும் வந்து, முதல் வரிசையில் தனக்குப் போட்டிருந்த நாற்காலியில் தங்கப்பாண்டியை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. மேடையிலிருந்த அக்கா அவரையே பார்த்தார். பிறகு எழுந்து மைக் முன்னால் போனார். அவர் பேச வேண்டிய முறை இன்னும் வரவில்லை.

"என்னையப் பாராட்டுறதுக்கு முன்னாடி ஒரு லெட்டர் படிக்கணும்" என்றார். "நான் எழுதுனது."

அந்தத் தாளை விரித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். அது யாருக்குப் போனது, ஏன் போனது, போகிறபோது அந்தப் பெண் என்ன நிலைமையில் இருந்தாள் என்று சொன்னார். தரையில் நாலு மணி நேரம் கிடந்தவரைச் சொன்னார். "பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னதுக்கு அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சு. அது எங்கிட்ட வந்துச்சு. நான் இந்தத் தாளக் குடுத்து அனுப்பிச்சேன். இதுக்குத்தான் நீங்க எனக்குப் பொன்னாடை போத்தணும்."

ராஜகுரு எழுந்து பக்கத்தில் வந்து, "மேடம், நேரமாகுது" என்றார்.

"இவரு ஆபீஸ்ல அந்தப் பொண்ணோட ஒரிஜினல் சர்டிபிகேட் இருக்கு. அது இல்லாம வேற வேலை கெடைக்காது. புகார வாபஸ் வாங்கினாத்தான் தருவாராம்."

மைக் நின்றது. யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். சூடாமணி மைக்கைத் தள்ளிவிட்டு மேடையின் விளிம்புக்கு வந்தார். பதினைந்து வருடம் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அது தங்கப்பாண்டி கைக்கு வரணும். வரலைன்னா, அங்க நாடாளுமன்றத்துல இந்த ஆபீஸோட பேரச் சொல்லி நான் எந்திரிச்சு நிப்பேன். சும்மா மெரட்டுறேனான்னு எந் தம்பியக் கேளுங்க."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஆனையூரிலிருந்து வந்திருந்த பாண்டிமீனா. "எம் மகளோட சர்டிபிகேட்டும் அங்கதான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டுப் பயந்து உட்காரப் போனவள், உட்காராமல் நின்றாள். அவளைப் பார்த்து இன்னொருவர் எழுந்தார். ராஜகுரு மேடையை விட்டு இறங்கி எங்கோ போய்விட்டார். பொன்னாடை தட்டிலேயே கிடந்தது.

முனீஸ்வரியின் சான்றிதழ்கள் திங்கட்கிழமை மத்தியானம் கூரியரில் வந்தன. அனுப்பியவர் பெயர் இல்லை. அதே மத்தியானம் சூடாமணிக்கு வந்தது ஒரு மின்னஞ்சல். மண்டபத்தில் யாரோ எடுத்த வீடியோ ஹார்ன்ஷா வரைக்கும் போய்விட்டிருந்தது. அவரைக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள். அவர் அதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினார்.

"முப்பத்தேழு வருஷத்துக்கு நாலு வரி" என்றார். "அதுலயும் எம் பேரத் தப்பா அடிச்சிருக்கான்."

ஊர் திரும்பியதும் அவர் சும்மா இருக்கவில்லை. அவையில் அரை மணி நேரம் கேட்டு வாங்கி அந்த முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேசினார். அவருடைய பழைய கட்சிக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. வெறும் பெஞ்சுகளைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் விழுந்து கிடந்தவரின் மகன் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார், மறுநாள் பத்திரிகைக்காரர்களிடம் அவரே பேசினார். ஆய்வுத் துறையினர் இல்லத்துக்குள் போனார்கள். முனீஸ்வரிக்கு ஹார்ன்ஷாவிலேயே இன்னொரு இல்லத்தில் வேலை கிடைத்தது, விசாவோடு. அறுபது நாளில் மிச்சம் இருந்தது ஆறு நாள்.

ஜூலையில் தேர்தல் வந்தது. கட்சி ஓர் இளம் வக்கீலை நிறுத்தியது. சூடாமணி சுயேச்சையாக நின்றார். முனீஸ்வரி வேலை முடிந்த கையோடு அவருக்காகத் துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போனாள். "தெனம் மழைப்பா. இந்த வயசுல அவங்க நடக்குற நடைக்கு என்னால ஈடு குடுக்க முடியல" என்று அப்பாவிடம் சொன்னாள்.

முடிவு வந்த காலை, பழங்காநத்தம் வீட்டில் தங்கப்பாண்டியும் பாண்டிமீனாவும் இருந்தார்கள். சௌரிராஜன் செல்போனை டம்ளர் மேல் சாய்த்து வைத்திருந்தார். எட்டேகால் மணிக்கு அந்த ஊர் அதிகாரி எண்களை வாசித்தார். சௌரிராஜனுக்கு வங்கிக்காரர் காது. கேட்டவுடனே கழித்துவிட்டார். இருநூற்று எழுபத்து நாலு ஓட்டில் அந்த இளம் வக்கீலிடம் அக்கா தோற்றிருந்தார்.

அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். குரல் கட்டிப்போயிருந்தது.

"தோத்துட்டியேக்கா" என்றார் சௌரிராஜன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எதுக்குடா அழுகுற? அவங்க ஒதுங்கச் சொன்னப்ப ஒதுங்கியிருந்தாத்தான் அழணும். நான் நின்னு தோத்தேன். பதினோராயிரம் பேரு கட்சிப் பேரே இல்லாம எனக்குப் போட்டிருக்காங்க. அந்த வக்கீல் பையன் இப்பவே என்னையப் பாத்து முழிக்கிறான். சனிக்கெழம மொத ஆளா நான்தான் அவன் ஆபீஸ் வாசல்ல போய் நிப்பேன். எங்கிட்ட அம்புட்டு மனு பாக்கியிருக்கு."

"கொஞ்ச நாளாவது ஓய்வெடுத்துக்கோக்கா."

"போடா. தங்கப்பாண்டி இருக்காரா? குடு."

தங்கப்பாண்டி போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அம்மா, மனச விட்டுராதீக" என்றார்.

"நான் விடல. நீங்க விட்டுட்டீங்களா? கலெக்டர் ஆபீஸ் மனு என்னாச்சு?"

மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்களை ராஜகுரு இன்னும் கொடுக்கவில்லை. அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வேறு பெயரில் வேறு தெருவில் திறந்திருந்தார். ஏப்ரலில் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை.

"இன்னும் ஒண்ணும் வல்லம்மா. திங்கக்கெழம மறுபடி போறோம். பதிமூணு வீட்டுக்காரங்க வாராக. ஒம் மகளுக்குத்தான் கெடைச்சிருச்சே, ஒனக்கென்னய்யாங்கிறாக. நான் போறேன்."

"பதிமூணு பேரும் தனித்தனியா மனு எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் ரசீது வாங்காம நகராதீங்க."

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். கலெக்டர் அலுவலகத்தில் பத்து மணிக்கே வரிசை நீண்டு மரத்தடியைத் தாண்டிவிட்டது. சௌரிராஜன் இப்படி ஒரு வரிசையில் அதற்கு முன் நின்றதில்லை. முந்தைய நாள் முழுக்க உட்கார்ந்து பதிமூன்று மனுக்களையும் அவர்தான் எழுதியிருந்தார். வெயில் ஏற ஏறப் பாண்டிமீனா குடையை விரித்து அவர் பக்கமும் சாய்த்துப் பிடித்தாள். சங்கத்துக்காரர் ஒருவர் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவர், அவரைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, நீங்க போயி இந்தக் கூட்டத்துல நிக்கிறீங்க? ராஜகுரு கேட்டா என்ன நெனைப்பாரு?" என்றார்.

"நெனைக்கட்டும்" என்றார் சௌரிராஜன். "நீங்க பாத்ததா நீங்களே சொல்லிருங்க."

வரிசை நகர்ந்தது. அவர் மனுக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார்.